பழைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்: ரேமா, எஸ்எஸ்டியா?

டிடிஆர்3 என்ற பழைய ரக ரேம் காலத்து டெஸ்க்டாப் அடிக்கடி நீலத்திரை (விண்டோஸ் நின்றுபோகும்போது வரும் பிழைத்திரை) காட்டினால், ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) என்ற இந்த இரண்டின் மேல்தான் முதலில் சந்தேகம் போகும். ரேம் கெட்டிருந்தால் கோளாறுக்கு ஒழுங்கே இருக்காது. இன்று பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும், நாளை பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது பிழை வரும், நீலத்திரையிலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு காரணம். எஸ்எஸ்டி வேறு ரகம்: மவுஸ் நகரும், ஆனால் எதைத் திறந்தாலும் உறைந்து நிற்கும். சில நாள் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) டிரைவ் தெரியாது.

ரேமைச் சோதிக்கப் பொறுமைதான் வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளை பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது கோளாறுதான். அப்புறம் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, தங்கநிறப் பற்களை அழிரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சில நேரம் துடைத்ததிலேயே சரியாகிவிடும்.

எஸ்எஸ்டிக்கு, டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் போதும். அதில் சி7 வரியில் (தகவல் பரிமாற்றப் பிழைகளின் கணக்கு) எண் ஏறிக்கொண்டே போனால் டிரைவைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்.

என் ஓட்டு ரேமை முதலில் பார்ப்பதற்கே. கெட்ட ரேமோடு விண்டோஸை மறுபடி நிறுவினால் நல்ல எஸ்எஸ்டியிலும் பழுதான ஃபைல்கள் ஏறிவிடும். டிரைவ் மறைந்து மறைந்து வருகிறதா? அப்போது மட்டும் வரிசையை மாற்றி, முதலில் ஃபைல்களை நகலெடுத்துவிடுங்கள்.