தங்கை மகனின் உதவித்தொகை விண்ணப்பம்

இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்குத் தமிழ்நாடு வந்திருந்தபோது, அறிவுசார் குறைபாடுள்ள என் தங்கை மகனுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் வேலையில் உடனிருந்தேன். ஏழு வயதாகியும் அவனுக்கு அடையாள அட்டைகூட எடுக்காமல் இருந்ததற்கு விவரம் தெரியாமை காரணமன்று. வேலை நாளில் விடுப்பெடுத்து, அவனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் மாறி மாறி அலைய வீட்டில் ஆளில்லை என்பதே காரணம்.

யாரும் கையூட்டுக் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு இணையத்தில் பதிவு செய்வதில் புகைப்படம் மட்டுமே பாடுபடுத்தியது. கேமராவை நிமிர்ந்து பாராத பிள்ளையை, ஸ்டூடியோக்காரர் கைபேசியில் ரயில் ஓடும் காட்சியைப் போட்டுக்காட்டித்தான் படம் பிடித்தார்.

மதிப்பீட்டு அறையில் உளவியலாளர் அவனிடம் வண்ணக் கட்டைகளைக் கொடுத்து, சிவப்பை எடுக்கச் சொன்னார். தங்கையின் விரல் தன்னையறியாமல் சிவப்பின் பக்கம் நீண்டது. "நீங்க காட்டாதீங்கம்மா, அவனே எடுக்கட்டும்" என்றார் அவர், கடுமையில்லாமல். பிள்ளைக்கு எல்லாம் வரும் என்று ஊரெல்லாம் சொல்லிவந்த தாய், அன்று மட்டும் அவனுக்கு வராதவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

உதவித்தொகையைத் தீர்மானிப்பது அந்த அறையில் எழுதப்படும் குறைபாட்டுச் சதவீதம்தான். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும். கை கால் இயக்கக் குறைபாடு போன்றவற்றுக்குக் கடும் பாதிப்பு என்ற பிரிவில் 75 சதவீதம் வேண்டும். எங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த அம்மா, நடக்க இயலாத மகளை இடுப்பில் சுமந்து வந்திருந்தார். சான்றிதழில் 60 என்று எழுதப்பட்டிருந்ததால் அவருக்கு இந்தத் தொகை கிடைக்காது. இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான உதவிப்படிக்கு விண்ணப்பித்தால், இரவில் எத்தனை முறை எழுந்து கவனிக்கிறீர்கள், உடுத்திவிட எவ்வளவு நேரமாகிறது என்றுதான் கேட்பார்கள். அந்தப் படிவம் நீளமானது, நிரப்புவதற்குள் அலுத்துவிடும். ஆனாலும் இடுப்பில் சுமப்பதைச் சொல்ல அதில் இடமுண்டு.

அவனுக்குக் கிடைக்கவிருக்கும் தொகை மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன் இது 1,500 ஆக இருந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவனுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் பயணச்சீட்டு வேண்டியதில்லை. பெண் என்பதால் தங்கைக்கு அது முன்பே இலவசம். இனி மைத்துனருக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை.

சிறுவர்களுக்குத் தரப்படுவது தற்காலிகச் சான்றிதழே என்பதால், 10 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். இப்போதைய மதிப்பீட்டு அறிக்கை, சிறப்பாசிரியரின் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே கோப்பில் அடுக்கித் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்.