கிடங்கை வெளியே கொடுத்து 6 வருடம்: எது மிச்சமானது, எதைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்

கிடங்கு வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுக்கலாமா என்று 6 வருடத்துக்கு முன்னால் நான் தேடியபோது கண்ணில் பட்டதெல்லாம் அந்தச் சேவையை விற்பவர்கள் எழுதியவைதான். செலவு குறையும், உங்கள் தொழிலில் கவனம் செலுத்தலாம் என்ற இரண்டு வரி எல்லாவற்றிலும் இருந்தது. காசு கொடுத்துப் பயன்படுத்தியவர் எழுதியது ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சோப்பு, கிரீம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் செய்து இணையத்தில் விற்கிற சின்ன நிறுவனம். ஆரம்பத்தில் பேக்கிங், ஸ்டிக்கர், கூரியர் எல்லாம் நாங்களே. தள்ளுபடி அறிவிக்கும் வாரத்தில் வழக்கத்தைவிட 5 மடங்கு ஆர்டர் குவியும், ராத்திரி 2 மணிவரை டேப் ஒட்டுவோம், அடுத்த மாதம் ஈ ஓட்டுவோம். அந்த 5 மடங்குக்கு ஏற்ற இடமும் ஆளும் பிடித்தால் வருடத்தில் 10 மாதம் காற்றுக்கு வாடகை கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த 2 மாதத்தில் பெயர் கெடும். வெளியே கொடுத்ததற்கு உண்மையான காரணம் இதுதான், மற்றதெல்லாம் அப்புறம் தெரிந்த லாபங்கள்.

ஒரு த்ரீபிஎல் கிடங்குக்குள் (பல வியாபாரிகளின் சரக்கை வைத்து, கட்டி, அனுப்பிக் கொடுக்கும் வெளி நிறுவனத்தின் கிடங்கு) நின்று பார்த்தபோதுதான் கணக்குப் புரிந்தது. எங்கள் அலமாரிக்குப் பக்கத்தில் ஒருவருடைய பள்ளிப் பைகள், அதற்கு அடுத்து இன்னொருவருடைய ஸ்வெட்டர்கள். பைக்குப் பள்ளி திறக்கும் மாதம், ஸ்வெட்டருக்குக் குளிர்காலம், எங்களுக்கு வேறு மாதம். ஆளுக்கொரு நேரத்தில் கூட்டம் வருவதால் அதே இடமும் அதே கைகளும் மாற்றி மாற்றி எல்லோருக்கும் உழைக்கின்றன. செலவு குறைவது இதனால்தான், அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. (எல்லோரும் ஒரே வாரத்தில் தள்ளுபடி போடும் வருடக் கடைசியில் இந்தக் கணக்கு உடையும். அப்போது நீங்களும் வரிசையில் ஒருவர், பெரிய வாடிக்கையாளரின் லாரிதான் முதலில் நிரம்பும்.)

கூரியரிலும் இதே கதை. நூறு வியாபாரிகளின் பார்சலைச் சேர்த்து அனுப்புபவருக்குக் கிடைக்கும் விலை தனியாகப் போய் நிற்பவருக்குக் கிடைக்காது. ஆனால் விலையைவிடப் பெரிய லாபம் எங்களுக்கு வேறு இடத்தில் கிடைத்தது. பல கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் கிலோவையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குத்தான் பில் போடுவார்கள். நாங்கள் பெருமையாக வைத்திருந்த அட்டைப் பெட்டி 30, 25, 20 சென்டிமீட்டர். உள்ளே 1 கிலோ சரக்கு, பில்லில் 3 கிலோ. அதாவது 2 வருடமாகக் காற்றை அனுப்பிக் காசு கட்டியிருக்கிறோம். முதல் வாரமே அந்தக் கிடங்கின் மேற்பார்வையாளர் 25, 20, 10 அளவில் ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார். கணக்குப் போட்டால் சரியாக 1 கிலோ. இந்த மாதிரி அறிவு ஒரே வேலையைத் தினமும் ஆயிரம் முறை செய்பவரிடம்தான் இருக்கும்.

ஏற்றுமதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீமுக்கு 3304, சோப்புக்கு 3401 என்று ஆரம்பிக்கும் எச்எஸ் எண்களை (சுங்கத்தில் சரக்கு என்ன வகை என்று காட்டும் எண்கள்) சரியாகப் போடவும், சுங்கத்தில் சரக்கு நின்றால் ஓடவும் தெரிந்த ஏஜென்ட் இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர், எண் தப்பானால் கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

சரி, இனி அடி வாங்கிய கதை. இரண்டாவது வருடம் ஒரு வாடிக்கையாளர் படம் எடுத்து அனுப்பினார், காலாவதிக்கு 3 வாரமே இருக்கும் கிரீம். புது பேட்ச் கிடங்குக்கு முதலில் போய்ச் சேர்ந்திருந்தது, எங்களிடம் தங்கிப்போன பழைய பேட்ச் பின்னால் போனது. ஒப்பந்தத்தில் "முதலில் வந்தது முதலில் போக வேண்டும்" என்று எழுதியிருந்ததால் அவர்கள் அப்படியே செய்திருக்கிறார்கள். நாங்கள் எழுதியிருக்க வேண்டியது "முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும்" என்பது. எங்கள் கிடங்காக இருந்தபோது இதை யாரும் எழுதி வைக்கவில்லை, பேக் செய்கிற அக்காவுக்குத் தெரியும், அவ்வளவுதான். வெளியே கொடுக்கும்போது அப்படித் தலைக்குள் இருந்த விஷயம் ஒவ்வொன்றும் தாளுக்கு வர வேண்டியிருந்தது. பாதி வரவில்லை.

அப்புறம் பில். சரக்கை உள்ளே இறக்க ஒரு கட்டணம், அலமாரிக்கு ஒன்று, எடுக்க ஒன்று, கட்ட ஒன்று, ரிட்டர்னுக்கு ஒன்று, நெடுநாள் கிடந்தால் அபராதம் மாதிரி இன்னொன்று. இதற்கெல்லாம் மேல் மாதாந்தரக் குறைந்தபட்சத் தொகை. விற்றால் மட்டும் செலவு என்று நம்பித்தானே போனோம், மந்தமான மாதத்தில் இந்தக் குறைந்தபட்சம் பழைய வாடகை மாதிரியே வந்து நின்றது. பில்லையும் இருப்பையும் சரிபார்க்கவே எங்கள் ஆள் ஒருவருக்கு திங்கட்கிழமை முழுதும் போய்விடும். வேலையைச் சந்தையில் வாங்க முடியும்போது நிறுவனம் என்ற ஒன்று எதற்கு என்று பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1937இல் கேட்டார். ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் போட்டு அதை நிறைவேற வைப்பது, இதற்கெல்லாம் ஆகும் செலவைக் கணக்கில் சேர்த்தால் பதில் கிடைக்கும் என்றார். எங்கள் திங்கட்கிழமைதான் அந்தச் செலவு. எந்த விளம்பரத் தாளிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

நாங்கள் திரும்ப வாங்கிக்கொண்டது ரிட்டர்ன் வேலையை. எண்ணெய் பாட்டில்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பி வந்தன, கிடங்கு அறிக்கையில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: "வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை." வாசனையை மாற்றலாமா என்றுகூட யோசித்தோம். சந்தேகத்துக்கு ஒரு மூட்டையை எங்கள் இடத்துக்கே அனுப்பச் சொன்னோம். முதல் பெட்டியைத் திறந்ததுமே அட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மூடி கொடுப்பவர் உள்ளே இருக்கும் வளையத்தைச் சொல்லாமல் மாற்றியிருந்தார். கிடங்கில் அந்த மேசையில் நிற்பவருக்கு ஒரு பெட்டிக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, திரையில் முதலில் தெரியும் காரணத்தை அழுத்திவிட்டு அடுத்ததை எடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது யாரோ ஒருவருடைய எண்ணெய். இப்போது ரிட்டர்ன் எல்லாம் எங்கள் மேசைக்கு வருகிறது. செலவு கூடுதல், தெரிந்துதான் செய்கிறோம்.

தயாரிப்பையும் கொடுத்துவிடுங்கள் என்று நடுவில் ஒருவர் வந்தார். விற்பவர் பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆனால் எனக்குப் போயிங் கதை ஞாபகம் வந்தது. அவர்களுடைய 787 விமானத்தில் பெரிய பெரிய பாகங்களின் வடிவமைப்பையே வெளி நிறுவனங்களிடம் விட்டார்கள். 2008இல் கொடுக்க வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் ஜப்பானின் ஏஎன்ஏ விமான நிறுவனத்துக்குப் போனது. அதற்குள் தென் கரோலினாவில் பாகம் செய்துகொண்டிருந்த ஒருவரின் தொழிற்சாலையைப் போயிங்கே விலைக்கு வாங்க வேண்டிவந்தது. நாங்கள் விமானம் கட்டவில்லைதான். இருந்தாலும் சோப்பை மட்டும் கொடுத்தோம், கிரீம் எங்களிடமே இருக்கிறது. அந்தச் சோப்பை யார் செய்தாலும் ஒன்றுதான், கிரீம் அப்படியில்லை.

நான்காவது வருடம் கிடங்கு நிறுவனத்தை மாற்றினோம். இருப்பு எண்ணிக்கை தொடர்ந்து உதைத்தது, பேசிப் பார்த்தும் சரியாகவில்லை. மாற்றுவதற்கு முன் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் கேஎஃப்சி. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் அவர்கள் விநியோகத்தைப் பழைய நிறுவனத்திடமிருந்து டிஎச்எல் என்ற சரக்கு நிறுவனத்துக்கு மாற்றினார்கள். சில நாளிலேயே கோழி வந்து சேராமல் சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. சில வாரத்தில் ஒரு பகுதியைப் பழையவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் நாங்கள் மெதுவாக விற்பவற்றை முதலில் நகர்த்தி, 7 வாரம் இரண்டு கிடங்குக்கும் காசு கட்டி, எண்ணெயைக் கடைசியில் மாற்றினோம். அப்படியும் பழைய இடத்தில் எண்ணிக்கையில் வந்த குறைச்சல் யாருடையது என்று பஞ்சாயத்து 3 மாதம் நடந்தது. பிரியும்போது யார் எண்ணுவது, குறைந்தால் யார் கட்டுவது, பழைய ஆர்டர் விவரங்களை எந்த வடிவில் தருவது என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சேரும்போது கேட்டால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள், பிரியும்போது கேட்டால் வக்கீல்தான் பதில் சொல்வார்.

இன்றைக்கு இருப்பு, பேக்கிங், கூரியர், சுங்கம், சோப்பு வெளியே. கிரீம், ரிட்டர்ன், எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கணிப்பு உள்ளே. பழைய மாதிரி நாங்களே எல்லாம் செய்வோமா என்றால் மாட்டோம், அந்த ராத்திரி 2 மணி எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகையை எடுக்கச் சொல்லப் போகிறேன். போன முறை கேட்டபோது தேநீர் சொல்லவா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்கள்.