ஜப்பான் மோட்டார் என்று சொல்லி பொம்மைக் கார் மோட்டாரை வைத்து அனுப்பினார்கள்

வடசென்னையில் மாடல் ரயில் பித்துப் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கும், பெரியவர்கள் விட்டுப்போன எஞ்சினைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டையில் சின்ன மோட்டார்களை ரிப்பேர் செய்யும் ஒரு கடையில் என் எஞ்சினைக் கொடுத்து நன்றாக ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எஞ்சின், இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை பேனியர் டேங்க், அதாவது பாய்லரின் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும் நீராவி எஞ்சின். நிஜத்தில் 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் கட்டினார்கள். என்னிடம் இருப்பது 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி. பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் கிட் வாங்கி, பித்தளைத் தகடுகளை ஈயம் வைத்துப் பற்றி, தன் கையாலேயே கட்டியது. ஆஸ்திரேலியா போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டாரின் காந்தம் வயதாகி வலுவிழந்திருந்தது. வேகம் எடுக்கும், ஆனால் இரண்டு பெட்டி மாட்டினால் இழுக்காது, சீக்கிரம் சூடாகிவிடும்.

கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜப்பான் மோட்டார் போட்டுத் தர்றேன் சார், அஞ்சு போல், பன்னெண்டு வோல்ட்டு. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார். போல் என்பது மோட்டாருக்குள் சுழலும், கம்பி சுற்றிய கை. அது கூடுதலாக இருந்தால் ஓட்டம் சீராக இருக்கும். நாலாயிரத்து ஐந்நூறு. அந்த மாதிரி நல்ல மோட்டாருக்கு அது அநியாய விலை இல்லை என்பதால் சரி என்றேன்.

திரும்பி வந்த எஞ்சின் கன்ட்ரோலரைத் திருப்பியதும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது, இல்லையென்றால் நின்றது. நடுவில் எதுவும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை. திறந்து, மோட்டாரைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தால், உள்ளே பேட்டரி காரில் வருமே, பக்கவாட்டில் தட்டையான தகர மோட்டார், அதுதான். மூன்று போல். 3 முதல் 6 வோல்ட் வரைக்கும்தான் அதற்குத் தெம்பு. 12 கொடுத்தால் கருகாமல் என்ன செய்யும்? கடையில் நாற்பது ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற சமாச்சாரம்.

அதைக்கூட மன்னிக்கலாம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் மோட்டார்களில் பலவற்றின் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, அங்குலக் கணக்கு. இந்தப் பொம்மை மோட்டாருடையது 2 மில்லிமீட்டர். அந்தத் தண்டில் மாட்டும், திருகு மாதிரிப் பல் உள்ள பழைய வார்ம் கியரின் துளை அதற்குப் பெரிது. முறையாகச் செய்பவர் இடைவெளியை அடைக்க ஸ்லீவ் என்ற சின்னக் குழாய் ஒன்றைப் போட்டிருப்பார். இவர் ஃபெவிக்விக்கை ஊற்றி நிரப்பியிருக்கிறார், அது வழிந்து பல்லுக்குள் இறங்கி வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது.

என் வயிற்றெரிச்சல் சக்கரத்தில்தான். மோட்டாரைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூ. சக்கரத்தைத் தொடவே வேண்டாம். இவர் "சர்வீஸ்" என்ற பெயரில் எல்லாச் சக்கரத்தையும் பிடுங்கி, சுத்தியலால் தட்டித் திரும்ப ஏற்றியிருக்கிறார். அச்சு முனையில் தட்டிய தழும்பு அப்படியே இருக்கிறது. கையால் தள்ளினால் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை, சக்கரங்களை இணைக்கும் கம்பி இறுகி எஞ்சின் நொண்டியது. லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான எங்கள் தெருப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வைதான் பார்த்தார். "ஒரு பக்கம் கிராங்க் மேல நின்னா, மறுபக்கம் கால் சுத்து தள்ளி நிக்கணும் தம்பி. மூணு அச்சுக்கும் அதே கணக்கு. இவன் ஒண்ணொண்ணையும் ஒவ்வொரு திக்குல நட்டு வெச்சிருக்கான்." கிராங்க் என்பது சக்கரத்தில் அந்தக் கம்பி மாட்டும் முளை. நிஜ எஞ்சினிலும் இதே கால் சுற்று, 90 டிகிரிதான். ஒரு பக்க பிஸ்டன் முனையில் தள்ள வழியில்லாமல் நிற்கும்போது மறுபக்கம் தள்ளிவிடும்.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டதில் பாதிப் பணம் வந்தது. பழைய மோட்டாரைக் கேட்டேன். "அது அப்பவே எடைக்குப் போயிடுச்சு சார்" என்றார். அது குப்பை இல்லை. காந்தத்துக்கு மறுபடி வலுவேற்றியிருந்தாலே ஓடியிருக்கும். அதனால், யாரிடம் கொடுத்தாலும் பழைய பாகம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். புது மோட்டாரைப் பொருத்தும் முன் உங்கள் கண் முன்னால் 12 வோல்ட்டில் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, கை வைத்துப் பாருங்கள். ஷாஃப்டை விரலால் உருட்டினால் தடக் தடக்கென்று பலமாக இடறக் கூடாது. "சக்கரத்தைக் கழற்றணும்" என்று சொன்னால் எஞ்சினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெரியவர் இப்போது சக்கரங்களைச் சரிசெய்து கொண்டிருக்கிறார். உங்கள் பக்கத்துப் பழைய சாமான் கடை எதிலாவது, மூடி இல்லாமல் சுருள் வெளியே தெரிய, ஒரு பக்கம் கனத்த காந்தம் வைத்த குட்டி மோட்டார் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். என்னுடையதாக இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்கிறேன்.