பெயில் கண்டிஷன் போதுமா, பிபிஓ எடுக்கணுமா?

புருஷன் அடிச்சு கேஸாகி பெயில்ல வந்துட்டான், கிட்ட வரக்கூடாதுன்னு கண்டிஷன் இருக்கே, பிபிஓ (சிங்கப்பூர்ல குடும்ப வன்முறையிலிருந்து காக்க நீதிமன்றம் தர்ற பாதுகாப்பு ஆணை) வேற எதுக்குன்னு ஒரு அக்கா கேட்டாங்க.

யார் கேக்குறது: பெயில் கண்டிஷன் நம்ம கையில இல்ல. பிபிஓ நாமளே குடும்ப நீதிமன்றத்துல கேக்கலாம், குடும்ப வன்முறைக்கு உதவுற பேவ் (PAVE) அமைப்பு ஆளுங்க ஹெல்ப் பண்ணுவாங்க.

எவ்ளோ நாள்: இதான் மேட்டரே. கேஸ் முடிஞ்சா பெயில் கண்டிஷனும் காலி, அப்புறம் ராத்திரி வந்து கதவத் தட்டினா எதக் காட்டுவீங்க? பிபிஓ அதுக்கப்புறமும் நிக்கும், விசாரணை முடியுறதுக்குள்ளயே அவசர ஆணையும் கேக்கலாம், அது பொதுவா 28 நாள் வரைக்கும்.

மீறினா: ரெண்டுலயும் மாட்டுவான். பெயிலுக்குக் கட்டின காசும் போகலாம், பாவம் அது அவங்கம்மா காசாத்தான் இருக்கும்.

வீட்டு ஆளுன்னா பெயில நம்பி உக்காராதீங்க, பிபிஓ எடுங்க. வெளியாள்னா பிபிஓ கிடைக்காது, 2014 தொல்லைத் தடுப்புச் சட்டத்துல கேளுங்க.