அமெரிக்க வெப்பமண்டல மரத்தவளைகள்: மூன்று வகைப்பாடுகளில் எதை ஏற்பது?

அமேசான் படுகையின் ஓடைக்கரைகளில் ஒரு பெரிய மரத்தவளை உண்டு. ஆண் தவளை ஈர மண்ணைத் தள்ளிக் கிண்ணம்போல் குழி அமைக்கும். நீர் ஊறி நிறையும் அந்தக் குழிதான் முட்டைகளுக்குத் தொட்டில். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு ராணா போவான்ஸ் என்று பெயரிட்டார். பிறகு அது ஹைலா போவான்ஸ் ஆனது. 2005-இல் ஹிப்சிபோவாஸ் போவான்ஸ், 2017-இல் போவானா போவான்ஸ் என்று மேலும் இருமுறை மாறியது. இத்தனை மாற்றங்களைப் பார்க்கும் வாசகருக்கு எரிச்சல் வருவது இயல்பு. எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. ஆனால் இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில அறிவியலுக்குத் தேவையானவை, சில பெயரிடல் விதியின் கட்டாயத்தால் வந்தவை, சில வெறும் விருப்பத் தேர்வுகள்.

மூன்று வகைப்பாடுகளில் முதலாவது, 2005-க்கு முந்தைய பழைய ஏற்பாடு. 1768-இல் லாரென்டி உருவாக்கிய ஹைலா என்ற பேரினத்துக்குள், விரல் நுனியில் ஒட்டுத் தட்டு உள்ள தவளைகளை அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அதில் 300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தன. மனத்தில் நிறுத்த எளிது என்பது ஒன்றுதான் இதன் பலம். அடையாளமாகக் கொண்ட விரல் தட்டோ நம்பத்தகுந்த சான்று அல்ல. மரத்தில் ஏறி வாழும் தவளைகளுக்கு அது தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் பறக்கும் தவளைக்கும் அதே தட்டும், விரல் எலும்புகளுக்கு இடையே அதே குருத்தெலும்பும் உண்டு. ஆனால் அது ராக்கோஃபோரிடே என்ற முற்றிலும் வேறான குடும்பம். முதுகுப் பையில் முட்டைகளைச் சுமக்கும் தென் அமெரிக்கக் காஸ்ட்ரோதீகா தவளைகளும் நெடுங்காலம் ஹைலா அடங்கிய ஹைலிடே குடும்பத்தில்தான் வைக்கப்பட்டிருந்தன. இன்று அவை ஹெமிஃபிராக்டிடே குடும்பத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, 2005-இல் அர்ஜென்டினாவின் ஹூலியான் ஃபைவோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்த 240 பக்க ஆய்வு. மரபணு வரிசைகளை அடிப்படையாக வைத்து, ஹைலா ஒரே மூதாதையின் கிளை அல்ல என்று காட்டி, அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். ஹைலா என்ற பெயர் வட அமெரிக்க, ஐரோப்பிய, ஆசியத் தவளைகளுக்கு மட்டும் மிஞ்சியது. மூன்று வகைப்பாடுகளில் என் மதிப்பில் மிக உயர்ந்தது இதுதான். காரணம், பிரித்த கிளைகள் உயிரியலோடு பொருந்துகின்றன. அப்படிப் பிரித்த பேரினங்களில் ஒன்றான டெண்ட்ரோப்சோஃபஸ் நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பாலான ஹைலாக்களுக்கு 24 குரோமோசோம்கள் என்றிருக்க, இந்தச் சிறு தவளைகளுக்கு மட்டும் 30 என்பது முன்பே தெரிந்திருந்தது. மரபணு ஆய்வு அந்தக் கூட்டத்தை உறுதிசெய்து தனிப் பெயர் கொடுத்தது.

அப்போது பிரிந்த இன்னொரு பேரினமான எக்னோமியோஹைலாவைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கைகால் ஓரங்களில் தோல் மடிப்பும் பெரிய விரலிடைச் சவ்வும் கொண்டு, உயர்ந்த மரக்கிளைகளிலிருந்து சறுக்கிப் பறந்து இறங்கும் மத்திய அமெரிக்கத் தவளைகள் இவை. 2005-க்கு முன் இவை ஹைலா என்ற பெருங்கூட்டத்தில் கரைந்து கிடந்தன. பனாமாவைச் சேர்ந்த எக்னோமியோஹைலா ரப்போரம் 2008-இல்தான் விவரிக்கப்பட்டது. அதன் கடைசி அறியப்பட்ட ஆண், டஃபி, 2016 செப்டம்பரில் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் இறந்தது. 300 ஹைலாக்களில் ஒன்று போயிற்று என்பதும், மிகச் சிறிய கிளை ஒன்றில் ஓர் உறுப்பு அறுந்தது என்பதும் ஒன்றல்ல. எதை இழந்தோம் என்பதைச் சரியான பேரினப் பெயர்தான் சொல்கிறது.

மூன்றாவது, 2016-இல் வில்லியம் டூயல்மன், மேரியன், ஹெட்ஜஸ் மூவரும் 503 சிற்றினங்களை வைத்துச் செய்த ஆய்வு. டூயல்மன் மத்திய அமெரிக்க மரத்தவளைகளைப் பல பதிற்றாண்டுகள் ஆராய்ந்தவர். ஆகவே இதை எளிதில் ஒதுக்க முடியாது. இவர்கள் ஹைலிடேயை மூன்று குடும்பங்களாக்கினார்கள்: ஹைலிடே, ஆஸ்திரேலியா–நியூகினியின் பெலோட்ரையாடிடே, செங்குத்துக் கண்மணி கொண்ட இலைத்தவளைகளின் ஃபைலோமெடூசிடே. சிவப்புக் கண் மரத்தவளையான அகாலிக்னிஸ் காலிட்ரையாஸ் இந்தக் கடைசிக் குடும்பத்தில் வருகிறது. ஐந்து புதிய பேரினங்களும் உருவாயின. அவற்றில் ஒன்றுக்கு ஃபைவோவிச்சின் பெயராலேயே ஜூலியானஸ் என்று பெயர் வைத்தார்கள். கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் இப்படியொரு மரியாதை அரிது.

மூன்று குடும்பங்கள் என்ற முடிவு தவறல்ல. இலைத்தவளைகளுக்கு மிக நெருங்கிய உறவினர் அமெரிக்காவில் இல்லை, ஆஸ்திரேலியப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற வியப்பான உண்மையை அது முன்னிறுத்துகிறது. ஆனால் ஒரே குடும்பம், மூன்று துணைக்குடும்பங்கள் என்ற 2005-இன் ஏற்பாடும் அதே கிளையமைப்பைத்தான் காட்டுகிறது. கிளை எது என்பதில் சண்டை இல்லை, அந்தக் கிளைக்கு என்ன தகுதி கொடுப்பது என்பதில்தான் சண்டை. ‘குடும்பம்’ என்ற தகுதியை அளக்க இயற்கையில் அளவுகோல் கிடையாது.

பேரின அளவில் இந்த ஆய்வு சில இடங்களில் தேவைக்கு மேல் போயிற்று என்பது என் கருத்து. ஆண்டிஸ் ஓடைகளின் ஹைலோஸ்கிர்டஸ் ஏற்கெனவே ஒரே கிளைதான். அதிலிருந்து கொலோமாஸ்கிர்டஸைப் பிரிக்கக் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை மீண்டும் சேர்த்துவிட்டார்கள்.

இனி போவானா. வாக்லர் 1830-இல் வைத்த ஹிப்சிபோவாஸைவிட, கிரே 1825-இல் வைத்த போவானா மூத்தது என்று 2017-இல் பிரெஞ்சு வகைப்பாட்டியலாளர் தூப்வா காட்டினார். மூத்த பெயருக்கே முதலிடம் என்பது விலங்குப் பெயரிடலின் விதி. கிளையமைப்பில் ஒரு மாற்றமும் இல்லை. இருந்தும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. புற ஊதா ஒளியில் ஒளிர்வதாக அதே 2017-இல் உலகச் செய்தியான புள்ளி மரத்தவளை, அதை அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் ஹிப்சிபோவாஸ் பங்டேடஸ். இன்று அது போவானா பங்டேட்டா. பேரினப் பெயர் பெண்பாலானதால் சிற்றினப் பெயரின் ஈறும் மாறிவிட்டது. பழைய பெயரில் மட்டும் தேடுகிறவர் பாதித் தகவலைத் தவறவிடுவார்.

ஆகவே நான் எழுதும்போது பேரினங்களுக்கு 2005-இன் வரைபடத்தையே அடித்தளமாகக் கொள்கிறேன். அதன்மீது போவானா என்ற திருத்தத்தை ஏற்கிறேன். 2016-இன் புதிய பேரினங்களில் அடுத்து வந்த ஆய்வுகள் ஆதரிப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலைத்தவளைகளை ஹைலிடேயின் துணைக்குடும்பமாக வைத்தே எழுதுகிறேன். குறிப்பேடு வைத்திருப்பவர்கள் சிவப்புக் கண் தவளைக்கு நேரே ‘ஃபைலோமெடூசிடே’ என்று எழுதியிருந்தால் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் புள்ளி மரத்தவளைக்கு நேரே ‘ஹைலா’ என்று இன்னும் இருந்தால் அதைத் திருத்துங்கள், பழைய பெயரையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.