94-ஐத் தாண்டாத இணையம்: ஒரு லேன் கேபிளோடு மூன்று வருடம்

என் கணினி இருப்பது மாடி அறையில். பைபர் மோடம் கீழே ஹாலில். நடுவில் ஒரு கான்கிரீட் தளம். மதுரை திருநகரில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வைஃபையை வைத்தே ஓட்டிப் பார்த்தேன். மாடிவரை சிக்னல் வரும், வந்த மாதிரிதான் இருக்கும். ஜூம் மீட்டிங்கில் மேனேஜர் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். 2022 ஜூலையில் தெரிந்த எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாக வெளிச்சுவரில் இறக்கி, ஆணி கிளிப் அடித்து, இருபத்திரண்டு மீட்டர் லேன் கேபிள் போட்டேன். அப்போது 100 எம்பிபிஎஸ் திட்டம், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். ஸ்பீடு டெஸ்டில் 94 வந்தது. அதோடு கேபிள் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

2023 மார்ச்சில் 200 திட்டத்துக்கு மாறினேன். ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் பார்த்தால் 190க்கு மேல். மாடியில் கணினியில் 94. காலையில் பார்த்தால் 94, ராத்திரி பத்து மணிக்கு 94, தூக்கம் வராமல் இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தாலும் 94. எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். லைனில் நெரிசல் என்றால் எண் ஏறும், இறங்கும். இப்படி அடித்துவைத்த மாதிரி ஒரே இடத்தில் நின்றால், அங்கே ஏதோ சுவர் இருக்கிறது. ஆனால் நான் இணையக் கம்பெனிக்குத்தான் போன் போட்டேன்.

அது சித்திரைத் திருவிழா நேரம். "அழகர் ஆத்துல இறங்கி முடியட்டும்ண்ணே, வந்துர்றேன்" என்றார் லைன்மேன். சொன்னபடி வந்தார். ஹாலில் நின்றபடியே தன் போனில் சோதித்தார், 195. "எங்க லைன் சுத்தமா இருக்குண்ணே. உங்க சிஸ்டத்துலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறாமலே கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம்தான். லைனைப் பற்றி அவர் சொன்னது சரி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவர் பேச்சை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணினியை ஃபார்மட் செய்தேன். டிரைவர் மாற்றினேன், ஆன்டிவைரஸைத் தூக்கினேன், தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன். டிஎன்எஸ் மாற்றினால் தளம் திறக்கும் முதல் நொடியில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், பெரிய கோப்பு இறங்கும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இதெல்லாம் முடிந்தும் 94. புது ரூட்டர் வாங்க ஆன்லைன் கூடையில் போட்டும் வைத்துவிட்டேன்.

ஜூன் மாதம் அக்கா பையன் லீவுக்கு வந்தான். என் புலம்பலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாமா, லிங்க் ஸ்பீடு பாத்தீங்களா?" என்றான்.

"ஸ்பீடுதான்டா தெனமும் பாக்குறேன்."

"அது இல்ல மாமா, இது." விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் ஈதர்நெட் என்று போய்க் காட்டினான். லிங்க் ஸ்பீடு 100/100.

அதாவது கணினியும் மோடமும் தங்களுக்குள் பேசி, இந்தக் கம்பியில் 100க்கு மேல் போக முடியாது என்று முடிவு செய்திருக்கின்றன. வெளியிலிருந்து 200 வந்தாலும் 500 வந்தாலும் வாசலின் அகலம் 100தான். 94 ஏன் என்ற கணக்கையும் அவனே சொன்னான். தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலமும் கம்பியில் 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது, அதில் முகவரி, இடைவெளி எல்லாம் போக நம் கோப்புக்குச் சேருவது 1448 பைட். வகுத்துப் பார்த்தால் 94 சதவீதம். ஆக, கேபிளில் இணைத்த கணினியில் யாருக்காவது 94 பக்கத்தில் எண் அசையாமல் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த லிங்க் ஸ்பீடைத்தான். மூன்று மாதமாக விடை என் திரையிலேயே இருந்திருக்கிறது.

சரி, குறை கணினியிலா, கேபிளிலா, மோடத்திலா? அவன் லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் ஒரு மீட்டர் கேபிளில் மோடத்தோடு சேர்த்தோம். 1000/1000. அதே லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுவந்து என் நீளக் கேபிளில் மாட்டினோம். 100. ஐந்தே நிமிடத்தில் கேபிள் மாட்டிக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: சில மோடங்களில் கேபிள் செருகும் போர்ட்களில் ஒன்றே ஒன்றுதான் கிகாபிட், அதாவது 1000, மற்றவை 100. கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். என்னுடையது நல்ல போர்ட்டில்தான் இருந்தது, அது தற்செயல்.

லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1000க்கு நீலமும் பிரவுனும் சேர்ந்து நான்கும் வேண்டும். அதனால்தான் நீலத்திலோ பிரவுனிலோ ஒரு கம்பி போனாலும் இணையம் நிற்பதில்லை. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும், நமக்கும் தெரியாது.

டவுன்ஹால் ரோட்டில் கேபிள் முனையில் மாட்டும் கனெக்டர் பத்து, அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், ஒரு டெஸ்டர் வாங்கி வந்தேன். கேபிளின் இரண்டு முனையையும் டெஸ்டரில் செருகினால் ஒன்றிலிருந்து எட்டுவரை விளக்குகள் வரிசையாக எரிந்து போகும். நான்கு எரிந்தது. ஐந்து எரியவில்லை. ஆறு எரிந்தது. மாடி முனையின் கனெக்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே எல்லாம் தெரிகிறது. ஏழு கம்பிகள் கடைசிச் சுவரை முட்டி நிற்கின்றன. நீல வெள்ளை மட்டும் ஒரு எள்ளளவு குட்டையாக வெட்டுப்பட்டு, அதன் மேல் இறங்க வேண்டிய தங்கநிறப் பல் வெறும் இடத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

வெட்டிவிட்டுப் புதிதாக மாட்டினேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பூக்காரம்மா விரல் மாதிரி நமக்கு வராது. முதல் இரண்டு கனெக்டர் வீண். மூன்றாவதில் எட்டு விளக்கும் எரிந்தன. லிங்க் 1000, ஸ்பீடு டெஸ்ட் 192. கூடையில் இருந்த ரூட்டரை எடுத்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2024 மே, அக்னி நட்சத்திரம். மத்தியானம் ஆனால் லிங்க் 100க்கு விழும், சாயங்காலம் தானாக 1000க்கு வரும். இந்த முறை மூளை ஒழுங்காக வேலை செய்தது, நேராகக் கேபிளுக்கே போனேன். மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் வெயில் முழுக்க அதன் மேல்தான். சன்ஷேடு விளிம்பில் கேபிளைச் சட்டென்று மடக்கி, மடிப்பின் மேலேயே கிளிப் அடித்திருந்தார் தம்பி. மேலுறை வெடித்து, உள்ளே பிரவுன் கம்பி முறிந்து, தொட்டும் தொடாமலும் நின்றது. பிளேடால் கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். பெட்டியில் கேட் 6 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் முலாம் கம்பி கேட் 6 தரத்தில் சேர்த்தி இல்லை. மின்தடை அதிகம், மடக்கினால் எளிதில் முறியும். கையில் தூக்கினாலே லேசாக இருக்கும், அப்போது அதை ஒரு வசதி என்று நினைத்திருக்கிறேன்.

முழுவதையும் பிடுங்கிவிட்டு, முழுச் செம்புக் கேபிள், வெளியில் போடும் கறுப்பு உறை வகை, மீட்டர் முப்பது ரூபாய்க்கு வாங்கி, பிவிசி குழாய்க்குள் விட்டு, வளைவுகளை அகலமாக எடுத்துப் போட்டேன். கரண்ட் ஒயரோடு ஒட்டி ஓட விடவில்லை. பழைய கேபிளுக்கு நான் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு செலவு.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம். லிங்க் ஒருநாளும் 1000க்குக் கீழே வரவில்லை. இரண்டு குறை சொல்ல வேண்டும். வெளிச்சுவரில் செம்புக் கம்பி என்பதால் ஐப்பசி மாத இடி மின்னலில் பயம். மேகம் கறுத்தாலே இரண்டு முனையையும் கழற்றிவிடுகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். இன்னொன்று, ராத்திரி எட்டிலிருந்து பத்துவரை சில நாள் 120, 110 என்று தள்ளாடும். ஆனால் அப்போதும் லிங்க் 1000தான், எண்ணும் ஏறி இறங்குகிறது. அப்படியென்றால் குறை வீட்டுக்கு வெளியே. இப்போது போன் போட்டால் முதல் வரியே, "கேபிள்ல பாத்தேன், லிங்க் கிகாபிட்ல இருக்கு" என்பேன். சிஸ்டத்துல கோளாறு என்ற பேச்சு அதற்கு மேல் வருவதில்லை.

போன மாதம் ஃபேன் மாட்ட வந்த அதே எலக்ட்ரீசியன் தம்பி அலமாரியில் டெஸ்டரைப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணே?" என்றார். பழைய கனெக்டரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு நாள்ல தந்துர்றேண்ணே" என்று டெஸ்டரை வாங்கிப்போனார். இன்னும் வரவில்லை. அவர் கேபிள் போட்ட வீடுகள் திருநகரில் நிறைய.