கழிமுகச் சேற்றுக்குக் கையடக்க எக்ஸ்ஆர்எஃப்: ஈயம் தெரியும், காட்மியம் தெரியாது

ஓதம் ஏறி இறங்கும் ஓடைகளில் சேறு அள்ளி உலோகம் பார்ப்பது என் வேலை. அதற்காக வாங்கிய கருவிதான் இந்த எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ் கதிர் ஒளிர்வுமானி. துப்பாக்கி மாதிரி இருக்கும். மூக்கை மண்ணில் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ் கதிர் பாயும்; ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி அனுப்பும் கதிரைக் கருவி அளக்கும். ஒரு நிமிடத்தில் ஈயம், துத்தநாகம், தாமிரம் எல்லாம் திரையில் வந்துவிடும். எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்று அங்கேயே முடிவு செய்ய இதைவிட வசதி கிடையாது.

ஆனால் விற்க வந்தவர் செய்து காட்டியது காய்ந்த மண்ணில். ஓடைச் சேறு அப்படியா இருக்கிறது? நீர் வற்றிய நேரத்தில் அள்ளினாலும் எடையில் பாதி தண்ணீர்தான். ஒரே சேற்றை ஈரமாக ஒருமுறை, உலர்த்திப் பொடித்து ஒருமுறை வைத்துப் பார்த்தேன்: உலர்ந்ததில் ஈயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் திரையில் வரும் எண்ணை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மணல். உலோகம் ஒட்டுவது களிமண்ணிலும் மக்கிய பொருளிலும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணல் திட்டும் ஒரு சேற்றுக் குழியும் இருந்தால், திட்டு சுத்தம் என்று கருவி சொல்லும், குழியில் உலோகம் நிறைய என்று சொல்லும். மாசு இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்; பிடித்து வைக்கும் துகள்தான் வேறு. 63 மைக்ரான் சல்லடையில் சலித்த பிறகே இடத்துக்கு இடம் ஒப்பிட முடிகிறது. சல்லடை பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும்.

பெரிய குறை காட்மியமும் பாதரசமும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவா பயன்படுத்தும் கடற்படிவு வழிகாட்டு அளவுகளில், உயிர்களுக்குப் பாதிப்பு தொடங்கக்கூடிய கீழ் வரம்பு ஈயத்துக்குக் கிலோவுக்கு 46.7 மில்லிகிராம். அதை இந்தக் கருவி தாராளமாகப் பார்க்கும். காட்மியத்துக்கு அது 1.2, பாதரசத்துக்கு 0.15. அவ்வளவு குறைவை இதனால் பார்க்கவே முடியாது. திரையில் 'இல்லை' என்று வந்தால் சேற்றில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்த மாதிரி ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். பாதரசத்துக்கு அனுப்புவதைச் சூடான அடுப்பில் உலர்த்தவும் கூடாது, ஆவியாகிப் போய்விடும்.

ஆர்செனிக் எண்ணையும் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். திரும்பி வரும் கதிரில் அதை அடையாளம் காட்டும் முக்கியக் கோடும் ஈயத்தின் கோடும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகின்றன. ஈயம் அதிகமான சேற்றில் சின்ன அளவு ஆர்செனிக் மறைந்துபோகும்.

இன்னொரு தொல்லை, மூக்கில் இருக்கும் மெல்லிய படலம். சிப்பித் துண்டு குத்தினால் கிழிந்துவிடும், உள்ளே உப்புத் தண்ணீர் போனால் உணரி காலி. நான் சேற்றின் மேல் நேராக வைப்பதில்லை, மாதிரியை மெல்லிய பைக்குள் போட்டுத்தான் வைக்கிறேன். பை கொஞ்சம் கதிரைக் குறைக்கும், பரவாயில்லை.

ஐந்துக்கு மூன்றரை. ஈயமும் துத்தநாகமும் தேடுபவர் வாங்கலாம். காட்மியத்துக்காக என்றால் அந்தப் பணத்தை ஆய்வகத்துக்கே கட்டுங்கள்.